அக்கா பாடியது டிஸ்கோ

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம். டெல்லி வெயிலில் ஆர்.கே.புரம் வரை வந்ததற்கு நன்றி. மின்விசிறிக்கு அடியில் இருக்கும் நாற்காலிகள் வயதானவர்களுக்கு. மற்றவர்கள் நகர்ந்து உட்காரவும்.

இந்தப் பக்கத்துக்கு முதலில் வேறு ஒரு கட்டுரை தயாராக இருந்தது. எழுதியவர் எங்கள் பெரியப்பா மகன், மத்திய அரசில் துணைச் செயலாளராக ஓய்வு பெற்றவர். அவருடைய தமிழ் நன்றாகத்தான் இருந்தது. 'அன்னார் இசையில் நாட்டம் மிக்கவர். பல பக்தி நிகழ்ச்சிகளில் பங்கேற்று இறைபணி ஆற்றியவர்' என்று எழுதியிருந்தார். படித்தவுடன் அவருக்கு போன் செய்தேன்.

"அண்ணே, அக்கா எந்த பக்தி நிகழ்ச்சியில பாடினா?"

"நினைவு மலர்ல அப்படித்தாம்மா எழுதணும்."

"அவ பாடினது டிஸ்கோ."

"அது எல்லாருக்கும் தெரியும். எழுத வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஏன் எழுதக்கூடாது என்று கேட்டேன். நெட்வொர்க் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். நில், திரும்பு, ஓடு என்று சொல்லித்தான் பழக்கம். அலங்காரம் வராது. அக்காவை வீட்டில் நீ, வா, போ என்றுதான் பேசினேன். அச்சில் 'அவர்' என்று போட வேண்டுமாம். போடுகிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். மூன்று வயதில் ரயிலேறி டெல்லிக்கு வந்தார். அப்பாவுக்கு மத்திய அரசில் கிளார்க் வேலை. ஆர்.கே.புரத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். நான் பிறந்தது இங்கேதான். இரண்டு பேரும் மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் படித்தோம். காலையில் பஸ், மாலையில் பஸ். ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே அக்கா பாடுவார். முன்சீட்டு ஆள் திரும்பி முறைத்தால் பாட்டை நிறுத்துவார், தட்டுவதை நிறுத்த மாட்டார்.

குரல் இருக்கிறதே என்று அம்மா ஒரு பாட்டு வாத்தியாரை ஏற்பாடு செய்தார். அவர் ஆறு மாதம் வந்தார். கடைசி நாளில் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"சுருதி சுத்தம்மா. குறை சொல்ல முடியாது. ஆனா தாளத்தைக் கையில போடணும். இந்தப் பொண்ணு இடுப்புல போடுது."

அக்காவுக்கு இருபது வயதில் ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. அங்கே ஆண்டு விழாவில் ஒரு இந்திப் பாட்டுப் பாடினார். அன்றைக்கு டிரம்ஸ் வாசிக்க வந்தவர் ஒரு சர்தார். நாங்கள் அவரை 'பாஜி' என்று கூப்பிடுவோம், பஞ்சாபியில் அண்ணன். சொந்தமாக ஒரு பேண்ட் வைத்திருந்தார். கன்னாட் பிளேஸில் ஒரு ஓட்டலில் சனிக்கிழமை மாலைகளில் டிஸ்கோ நிகழ்ச்சி. பாடுவதற்குப் பெண்குரல் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரே டிஸ்கோ டிஸ்கோ என்று பிடித்து ஆடிய நேரம்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு நடந்தது கோப்பில். எது வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஓடுவதற்கு ஷூ வேண்டும் என்றாலும் மனு. அப்பா ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். அதுவும் பச்சை மையில். அலுவலகத்தில் பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு மட்டும். அப்பா அந்தப் பதவிக்கு வரவே இல்லை. வீட்டில் அவருக்கு மேல் யாரும் இல்லையே, அதனால் பச்சை.

அக்கா மனு கொடுத்தார். 'பொருள்: சனிக்கிழமை மாலை பாடுவதற்கு அனுமதி கோருதல்.' முதல் தடவை அப்பா 'பேசவும்' என்று எழுதினார். பேசினார்கள். இரண்டாம் தடவை 'இதற்கு முன்னுதாரணம் உண்டா?' என்று எழுதினார். அக்கா அதற்குக் கீழே, 'பெரியப்பா குளிக்கும்போது பாடுகிறார்' என்று எழுதினார். கோப்பு கருத்துக் கேட்டுப் பெரியப்பாவுக்கே போனது. பெரியப்பா ஒரு மாதம் அதைத் தன் மேஜையில் வைத்திருந்துவிட்டு, 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது.

"நான் ஒரு மனுஷி இந்த வீட்டுல இருக்கேன். எங்கிட்ட யாராவது கையெழுத்து கேட்டியளா?"

"உனக்கு இதுல என்ன தெரியும்?" என்றார் அப்பா.

"பெத்தது நான். கொண்டாங்க பேனாவ."

அம்மா அந்தத் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடம் முடிவு செய்துவிட்டதாக அப்பா எடுத்துக்கொண்டார். நிபந்தனைகள் மட்டும் அவர் போட்டார். கை முழுக்க மறைக்கும் உடுப்பு. இரவு ஒன்பது மணிக்குள் வீடு. தங்கை கூடவே போக வேண்டும். சொந்தப் பெயரில் பாடக்கூடாது, 'நம்ம ஆட்கள்' காதுக்குப் போய்விடக்கூடாது.

இப்படித்தான் அக்காவுக்கு ஒரு மேடைப் பெயர் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். நாற்பது வருஷம் அந்தப் பெயருக்குப் பின்னால் அவரை மறைத்து வைத்தது போதும்.

உடுப்பை அம்மா தைத்தார். முழுக்கை, வெள்ளி நிறம், மேலே முழுக்க மினுமினுப்பு. அக்கா போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

"விளக்கி வச்ச எவர்சில்வர் குத்துப்போணி மாதிரி இருக்கட்டி. நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா.

முதல் ஒத்திகையில் பாட்டு நன்றாக வந்தது. ஆனால் அக்கா மின்கம்பம் மாதிரி நின்றார். மைக்கைப் பிடித்ததும் கால் நட்டுக்கொண்டது. வாத்தியாரை ஓடவைத்த இடுப்பு மேடையில் வேலை செய்யவில்லை. பாஜி தலையில் கை வைத்தார். "மேடம், தோடா ஹிலோ நா!" என்று கெஞ்சினார். கொஞ்சமாவது அசையுங்கள் என்று அர்த்தம்.

நான் அப்போது பி.டி. பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நடனம் எனக்கும் தெரியாது. தெரிந்தது டிரில். கை முன்னே, கை மேலே, கை பக்கம், கை கீழே. பள்ளி மைதானத்தில் ஐந்நூறு பிள்ளைகள் சேர்ந்து செய்வது. அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கழுத்தில் விசில் மாட்டியிருந்தேன். சின்னதாக ஊதினால் ஆரம்பி. நீளமாக ஊதினால் நிறுத்து. மூன்று வாரத்தில் அக்கா பிடித்துக்கொண்டார். டிரம்ஸோடு சேர்ந்தபோது அது வேறு என்னவோ ஆகிவிட்டது. ஓட்டலுக்கு வந்த பணக்காரப் பிள்ளைகள் அதைப் புது வெளிநாட்டு ஸ்டைல் என்று நினைத்தார்கள். இரண்டு வருஷம் டெல்லியில் பாதிப் பேர் குடியரசு தின டிரில்லைத்தான் டிஸ்கோ என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். இதை யாரிடமும் சொல்லாதே என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தார். இன்றோடு அந்தச் சத்தியம் முடிந்தது.

பிறகு ஒரு கேசட் வந்தது. இந்திப் பாட்டுகள். பாலிகா பஜாரில் கடைக்குக் கடை ஓடியது. அட்டையில் இருந்த முகம் அக்காவுடையது இல்லை. யாரோ ஒரு வெள்ளைத்தோல் பெண். பாடியவர் கறுப்பு, மதராசி என்று தெரிந்தால் விற்காது என்று கம்பெனிக்காரன் முகத்துக்கு நேரே சொன்னான். நான் அவன் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடீ. அப்பா கண்டிஷனும் காப்பாத்தின மாதிரி ஆச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீடு வரும் வரை பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தட்டவில்லை.

மேலே சொன்ன பெரியப்பா மகன் அந்த அட்டைப் படத்தைத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். பாட்டு அவருக்கு அவ்வளவு பிடிக்கும். பாடுவது யார் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் அட்டையைக் காணோம். அண்ணே, கோபப்படாதீங்க. எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னது அக்காவைப் பற்றித்தான். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

பஞ்சாபிக் கல்யாணங்களில் அக்காவைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நம் ஆட்கள் முன்னால், சொந்தப் பெயரில், ஒரு பாட்டு முழுதாகப் பாட வேண்டும். அதற்காகத் தமிழில் ஒரு டிஸ்கோ பாட்டு அவரே எழுதி மெட்டும் போட்டிருந்தார். காலையில் டிபன் டப்பாவோடு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நம்மைப் பற்றித்தான் பாட்டு. 'பஸ்ஸு வருது பஸ்ஸு வருது, டப்பாவத் தூக்கு' என்று ஆரம்பிக்கும். இரண்டு சரணம். இரண்டாவது சரணத்தில் அப்பாவின் பச்சை மை கூட வரும்.

எங்கள் குடியிருப்பில் வருஷாவருஷம் பொங்கல் விழா நடக்கும். குழுத் தலைவர் பெரியப்பா. அக்கா நான்கு வருஷம் கேட்டார். நான்கு வருஷமும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்றார். ஐந்தாம் வருஷம் ஒத்துக்கொண்டார். ஒரு கடவுள் வாழ்த்து, அது மட்டும். அக்கா தலையாட்டினார். தலையாட்டிவிட்டுப் பாஜியை வரச் சொன்னார்.

ஜனவரிக் குளிர். சமூகக் கூடத்தில் எல்லாரும் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், வேட்டிக்கு மேல் கோட்டு, தலையில் மங்கி கேப். பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்கிற வேலை என்னுடையது. கழுத்தில் விசில். மூன்றாவது வரிசையில் என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாலை அவர்கள் பதில் சொல்வதாக இருந்தது.

அக்கா மேடை ஏறினார். கை கூப்பி, கண்ணை மூடி, முருகன் பாட்டு ஒன்றை அசையாமல் பாடி முடித்தார். அவர் வாழ்நாளில் பாடிய பக்திப் பாட்டு அது ஒன்றுதான். பெரியப்பாவே கைதட்டினார். உடனே அக்கா மைக்கில் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். "இது நம்ம எல்லாருக்கும்" என்றார். மேடை ஓரத்தில் ஷாலைப் போர்த்திக்கொண்டிருந்த பாஜி ஷாலை விலக்கினார். உள்ளே டிரம்ஸ்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் பிள்ளைகள் எழுந்தார்கள். பிறகு அவர்களைப் பிடித்து உட்கார வைக்க அம்மாக்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் உட்காரவில்லை. எங்கள் அம்மா கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு தாளம் போட்டார். மங்கி கேப்புகள் எல்லாம் மேலும் கீழும் ஆடின. முதல் சரணம் முடிந்தது.

பெரியப்பா என் பக்கம் ஓடி வந்தார். "ஏட்டி, நிறுத்தச் சொல்லு அவள! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்துட்டு இருக்காவ. உன் கல்யாணம் நடக்க வேண்டாமா?"

நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கிளம்பிப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

நீளமாக ஊதினேன்.

பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்தார்கள். பாஜியின் கை நின்றது. ஐந்தாறு வருஷப் பழக்கம், அக்காவும் நின்றார். கை பாதி தூக்கியபடி நின்றது. யார் ஊதியது என்று அவர் தேடவே இல்லை. நேரே என்னைப் பார்த்தார். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை என் கணவர்தான், இதோ முன்வரிசையில் இருக்கிறார். அன்றைக்கு ஏன் எழுந்து நின்றீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன்.

"ஆடத்தான். நீ ஏன் ஊதின?"

அவர்கள் குடும்பமே ஆடுவதற்குத்தான் எழுந்திருக்கிறது. என் மாமியாரும் சேர்த்து.

ஆகவே, அக்காவை மறைத்தார்கள் என்று உங்கள் மேல் எல்லாம் எனக்குக் கோபம் உண்டு. அது போகாது. ஆனால் பாட்டை நிறுத்தியது நான். இதை இங்கே எழுதாமல் உங்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியமில்லை.

அதற்குப் பிறகு அக்கா நம் மேடையைக் கேட்கவே இல்லை. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. என் கல்யாணத்தில் ஓடி ஓடி வேலை செய்தார். கல்யாண வீடுகளுக்குப் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து, பாடுவதற்கு ஆள் தேவையில்லை என்று ஆகும் வரை பாஜியோடு பாடிக்கொண்டிருந்தார். ஆபீஸுக்கும் ஒரு நாள் பிந்திப் போனதில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இந்தக் கூடத்திலும் யாராவது கேட்பீர்கள். அவருக்கு வேண்டாம், அவ்வளவுதான். அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருஷம் படுத்திருந்தபோது பார்த்துக்கொண்டது அக்கா. கணவர் வேலைக்காக நான் பஞ்சாபில் பட்டிண்டாவில் இருந்தேன். அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. இடது கையால் எதையாவது கிறுக்குவார். கடைசியில் ஒரு நாள் அக்காவிடம் பேனா கேட்டு வாங்கி, 'பாடவும்' என்று எழுதினாராம். அக்கா பஸ் பாட்டைப் பாடினாராம். பச்சை மை வரும் இடத்தில் அப்பா சிரித்தாராம்.

ஜங்புராவில் நம் ஊர்க்காரர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்தபோது, அங்கிருந்து வந்து அக்கா வீட்டில் வேலை பார்த்த செல்வி வீடில்லாமல் நின்றாள். அக்கா தன் முன்னறையைக் கொடுத்தார். நம்மில் சிலர் அதற்கும் பேசினீர்கள். சில மாதத்தில் அக்கா படுத்தபோது ராப்பகலாகப் பார்த்தது செல்விதான். பேசியவர்களில் யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நான் அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் விசில் ஊதினேன்ல..."

"எந்த அன்னைக்கு?"

"நடிக்காத. பொங்கலுக்கு."

அக்கா தலையணையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அதுவா. நல்ல வேளை ஊதின. ரெண்டாவது சரணம் எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு. நீ ஊதலேன்னா மேடையில நின்னு முழிச்சிருப்பேன். சரி, தண்ணி குடு."

நாற்பது வருஷம் சுமந்தது ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. வெளியே போய் சமோசா வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பாஜி பார்க்க வந்தார். வயது எண்பதைத் தொடுகிறது. கட்டிலின் கம்பியில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார். அக்கா கண்ணைத் திறந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பாட ஆரம்பித்தார். பஸ் பாட்டு. முதல் சரணம். நிற்காமல் இரண்டாவது சரணம். ஒரு வார்த்தை தப்பவில்லை. பச்சை மை, அம்மாவின் கையெழுத்து, எல்லாம் வரிசையாக வந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுடீ" என்றார்.

அக்காவுக்கு எந்தப் பாட்டும் என்றைக்கும் மறந்ததில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் வராந்தாவில் போய் நின்றேன். ஒன்பது நாள் கழித்து அக்கா போய்விட்டார்.

அன்றைக்கு அவர் பாடியதை என் மகள் போனில் பதிவு செய்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. இந்தக் கட்டுரையை நான்தான் வாசித்துக் காட்டினேன். "மம்மி, பெரிம்மாவை யாருமே பாட விடலையா? சச்சீ, நிஜமாவா?" என்று கேட்டாள். பதிவைப் போடச் சொன்னேன். பதிவில் பக்கத்து மெஷினின் 'பீப்' சத்தமும் கேட்கிறது. அது தாளத்தோடு சரியாகத்தான் சேர்கிறது.

செல்விக்கு நன்றி. வார்டில் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், ரத்தம் கொடுத்த அக்காவின் ஆபீஸ் நண்பர்களுக்கும் நன்றி. முருகன் கோயிலில் காலையில் பூஜைக்கு ஏற்பாடு செய்தது பெரியப்பா மகன். பந்தல், நாற்காலி, இந்த மலரின் அச்சு எல்லாம் அவர்தான் ஓடிப் பார்த்தார். என் கட்டுரையைப் படித்த பிறகும் அச்சுக்குக் கொடுத்தார், இந்த வரியை புரூஃபில் சேர்க்கிறேன். அண்ணே, நன்றி.

மேடையில் இருக்கும் சர்தார்ஜி யார் என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அவர்தான் பாஜி. இப்போது அக்காவின் பெயரைச் சொல்லி அந்தப் பதிவைப் போடுவோம், அவர் கூடவே வாசிப்பார். இரண்டு சரணமும் உண்டு. உட்கார்ந்து கேட்பதும் எழுந்து ஆடுவதும் உங்கள் இஷ்டம். எழுந்து போக மட்டும் முடியாது. பாட்டு முழுதாக முடிந்த பிறகுதான் இலை போட வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.